ஓபனிங் செட்டை விட்டுவிட்டு ரீமிக்ஸ் செய்யப் போகலாமா?

வாசகர் கேள்வி:

எனக்கு 29 வயது. ஒரு கிளப்பில் ஐந்து வருடமாக ரெசிடென்ட் டிஜே, அதாவது அங்கேயே நிரந்தரமாகப் பாட்டு போடுகிறவன். வாரம் மூன்று இரவு, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை ஓபனிங் செட் என்னுடையது. பிறகு வெளியிலிருந்து வரும் ஹெட்லைனர் ஏறுவார். கூட்டம் அவருக்காகத்தான் வருகிறது. நான் போடும்போது பாதி ஃப்ளோர் காலி. போன வருடம் ஒரு பழைய சோல் பாட்டை யாரிடமும் கேட்காமல் ரீமிக்ஸ் செய்து என் செட்டில் மட்டும் போட்டு வந்தேன். யாரோ பதிவு செய்து பரப்பிவிட்டார்கள். இப்போது அந்தப் பாட்டின் உரிமையை வைத்திருக்கும் லேபிளே எழுதியிருக்கிறது: 'ஸ்டெம்கள் (குரல், டிரம், பேஸ் என்று தனித்தனியாகப் பிரித்த ஒலிப்பதிவுகள்) தருகிறோம், முறைப்படி செய்து கொடுங்கள், ஒரே தொகை, உரிமை முழுவதும் எங்களுக்கு.' இதோடு கிளப்பை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து ரீமிக்ஸ் மட்டும் செய்யலாமா என்று யோசிக்கிறேன். கையெழுத்துப் போடலாமா? கிளப்பை விடலாமா? இரண்டு பாட்டின் வேகத்தைத் தானாகச் சேர்க்கும் சிங்க் பட்டனை அழுத்துவதற்காக சீனியர்கள் கிண்டல் செய்கிறார்கள், அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்.

பி.கு. செட் முடிந்த மறுநாள் காலையில் காதில் 'கொய்ங்' என்று ஒரு சத்தம். மத்தியானத்துக்குள் போய்விடும். இது எல்லாருக்கும் வருவதுதானே?

பதில்:

அன்புள்ள தம்பி,

பின்குறிப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். லேபிள் இரண்டு வாரம் காத்திருக்கும், கிளப்பும் காத்திருக்கும், காது காத்திருக்காது. எல்லாருக்கும் வருவதுதான், உண்மை. அதனால் பரவாயில்லை என்று ஆகிவிடாது. உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் அடி வாங்கியிருக்கின்றன என்பதற்கு அந்தச் சத்தம் அடையாளம். மத்தியானத்துக்குள் அது அடங்கினால் பெரும்பாலானவை தேறிவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாமே தேறின என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. செத்த செல் மனிதக் காதில் மறுபடி முளைப்பதில்லை. ஒரு நாள் அந்தக் கொய்ங் மத்தியானத்தைத் தாண்டியும் நிற்கும், பிறகு போகவே போகாது. கிளப்பா வீடா என்று நீங்கள் இப்போது குழம்புகிறீர்களே, இரண்டுக்கும் அதே காதுதான் வேண்டும். முதலுக்கே மோசம் வந்துவிடக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு, 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி என்று இறங்கி, 100 டெசிபலுக்கு வரும்போது மிஞ்சுவது 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இசை அரங்குகளுக்கு வகுத்த வரம்பும் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பதுதான். எப்போதாவது ஒரு நாள் ஆட வருகிறவர்களை மனதில் வைத்துச் சொன்னது அது. நீங்கள் வாரம் மூன்று இரவு, இரண்டு மணி நேரம் டிஜே பூத்துக்குள் நிற்கிறீர்கள். ஹெட்லைனர் ஏறிய பிறகும் பூத் ஓரமாகவே நின்று கேட்பீர்கள் என்பது என் ஊகம். எல்லா ரெசிடென்ட்களும் அதைத்தான் செய்கிறோம்.

நம் காதைக் கெடுப்பது பெரும்பாலும் ஃப்ளோர் ஸ்பீக்கர் இல்லை, டிஜேக்காக பூத்துக்குள் வைக்கும் ஸ்பீக்கரான பூத் மானிட்டர். அது ஏன் அங்கே இருக்கிறது தெரியுமல்லவா? பெரிய ஸ்பீக்கர் 10 மீட்டர் தள்ளி இருந்தால் அந்தச் சத்தம் உங்களை வந்து சேர ஏறக்குறைய 29 மில்லிசெகண்ட் ஆகும். ஹெட்ஃபோனில் விழும் கிக் டிரம் அடியும் அதுவும் ஒட்டாது, மிக்ஸ் தட்டுத்தடுமாறும். அதற்காகத்தான் முகத்துக்கு நேரே ஒரு மானிட்டர். இரவு ஏற ஏறக் காது மரத்துப்போகும், நாமும் குமிழை ஏற்றிக்கொண்டே போவோம். மிக்ஸ் நடக்கும் அந்த ஒன்றரை நிமிடம் மட்டும் ஏற்றுங்கள். அடுத்த பாட்டு உட்கார்ந்ததும் கை தானாக இறக்க வேண்டும், இண்டிகேட்டரை அணைப்பது போல. உங்கள் காதுக்கே அச்சு எடுத்துச் செய்யும் இயர்ப்ளக்கில் 15 டெசிபல் ஃபில்டர் போட்டு வாங்குங்கள். கடையில் கிடைக்கும் ஃபோம் ப்ளக் மேல் ஸ்தாயியை விழுங்கிவிட்டு பேஸை மட்டும் விடும். அதை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது, இரண்டே நாளில் கழற்றி வீசிவிடுவீர்கள். பன்னிரண்டு மணிக்குப் பிறகு பூத்தை விட்டு இறங்கி அறையின் பின்பக்கம் போய் நில்லுங்கள். இந்த வாரமே காது மருத்துவரிடம் போய், கேட்கும் திறனை அளக்கும் ஓர் ஆடியோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் எடுப்பதோடு ஒப்பிட அது வேண்டும்.

இனி கிளப். விடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய வரி, 'நான் போடும்போது பாதி ஃப்ளோர் காலி' என்பது. அதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். லேபிளே தேடி வந்த அந்த ரீமிக்ஸ் எங்கே வளர்ந்தது? பாதி காலியாக இருந்த அதே ஃப்ளோரில்தான். ஆட வந்தவர்களை ஆட வைப்பதற்குப் பெரிய திறமை வேண்டாம், சத்தமான கிக் போதும். கையில் கண்ணாடி டம்ளரோடு சுவரில் சாய்ந்து நிற்பவரை, தனக்கே தெரியாமல் தோளை அசைக்க வைப்பது வேறு வேலை. ஐந்து வருடமாக அதைத்தான் செய்துவருகிறீர்கள், அந்த வேலைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

ரீமிக்ஸ் என்ற வேலையே ரெசிடென்ட் டிஜேக்களிடமிருந்து வந்ததுதான். நியூயார்க்கில் கேலக்ஸி 21 என்ற கிளப்பில் வால்ட்டர் கிப்பன்ஸ் என்று ஒருவர் பாட்டு போட்டுவந்தார். ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, டிரம் மட்டும் வரும் இடத்தை மாற்றி மாற்றிப் போட்டு நீட்டுவார். ஆடுகிறவர்களுக்கு எந்த இடம் இன்னும் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1976-ல் சால்சோல் லேபிள், டபுள் எக்ஸ்போஷர் குழுவின் 'டென் பெர்சன்ட்' பாட்டின் மல்ட்டிட்ராக் டேப்பை, அதாவது ஒவ்வொரு வாத்தியமும் குரலும் தனித்தனியாகப் பதிவான டேப்பை, அவர் கையில் கொடுத்தது. சில நிமிடப் பாட்டு அவர் கையில் ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீண்டது. கடையில் விற்பனைக்கு வந்த முதல் 12 அங்குல சிங்கிள் என்று அதைத்தான் சொல்கிறார்கள். கிளப்பில் இரண்டு ரெக்கார்டை வைத்துச் செய்ததையே அவர் ஸ்டூடியோவில் டேப்பை வைத்துச் செய்தார், அவ்வளவுதான்.

சிகாகோவில் ஃபிராங்கி நக்கிள்ஸும் அப்படித்தான். 1977-ல் வேர்ஹவுஸ் கிளப்பில் ரெசிடென்ட் ஆனவர். புது டிஸ்கோ ரெக்கார்டுகள் வருவது குறைந்தபோது, பழைய பாட்டுகளை ரீல் டேப்பில் வெட்டி ஒட்டி நீட்டி, தன் ஃப்ளோருக்கு ஏற்ற மாதிரி புதிதாக்கினார். சிறந்த ரீமிக்ஸருக்கு கிராமி விருது என்று ஒரு பிரிவு 1998-ல் தொடங்கியபோது முதல் விருது அவருக்குத்தான் போனது. நியூயார்க்கின் பாரடைஸ் கராஜில் லாரி லெவன், பத்து வருடம் ஒரே அறை. அந்த அறையின் ஸ்பீக்கர்களை நகர்த்தி, மாற்றி, தன் காதுக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டே இருந்தவர். அவருடைய ரீமிக்ஸ்களில் பேஸுக்கும் டிரம்முக்கும் நடுவே அவ்வளவு காற்றோட்டம் இருக்கிறதென்றால், அந்த அறை அவருக்குப் பழகியிருந்தது என்பது ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

'ரீமிக்ஸின் முன்னோடி டாம் மோல்ட்டன் டிஜேயே இல்லையே?' என்று நீங்கள் மடக்கலாம். சரிதான், அவர் ஒரு நாளும் கிளப்பில் வேலை செய்ததில்லை. ஆனால் அவர் தொடங்கியதும் ஃப்ளோரைப் பார்த்துத்தான். மூன்று நிமிடப் பாட்டு முடிந்து அடுத்தது வரும் இடத்தில் ஆடுகிறவர்கள் தயங்கி விலகிப் போவதைக் கவனித்தார். அந்த இடைவெளியே இல்லாமல் ஒரு டேப் செய்து பார்த்தார். டிஜேயாக இருப்பது கட்டாயமில்லை, ஃப்ளோரைப் பார்த்துக்கொண்டிருப்பது கட்டாயம். வீட்டில் உட்கார்ந்தால் அந்தப் பார்வை போய்விடும். ஆறு மாதத்துக்குத் தெரியாது. பிறகு உங்கள் ரீமிக்ஸ்கள் எல்லாம் மற்ற ரீமிக்ஸ்களைக் கேட்டுச் செய்தவை மாதிரி ஒலிக்க ஆரம்பிக்கும். வேறு எதையும் கேட்காமல் அவற்றையே கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்பதால்.

ஹெட்லைனர்மேல் உங்களுக்கு இருக்கும் பொறாமை எனக்குப் புரிகிறது. ஆனால் அவருக்கு வாய்க்காத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. அவருக்கு ஒவ்வொரு இரவும் வேறு அறை, வேறு ஸ்பீக்கர், வேறு ஜனம். அவருடைய புது ரீமிக்ஸ் ஓர் ஊரில் எடுபடவில்லை என்றால் தப்பு கிக்கிலா, அறையிலா, அன்றைய கூட்டத்திலா என்று அவரால் பிரித்தறிய முடியாது. நீங்கள் அதே அறை, அதே ஸ்பீக்கர், ஏறக்குறைய அதே முகங்கள். போன வியாழன் போட்டதில் பேஸ்லைனை மட்டும் ஒரு டெசிபல் குறைத்து இந்த வியாழன் போட்டுப் பார்க்கலாம். மாறுவது ஒன்றே ஒன்று என்றால் காரணம் கண்ணுக்குத் தெரியும். இப்படிப்பட்ட சோதனைக்கூடத்தை நீங்கள் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. கிளப்காரர்கள் உங்களுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

சோதித்துப் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. உங்கள் சொந்த ரீமிக்ஸை உச்ச நேரத்தில் போட்டு மயங்காதீர்கள். இரவு ஒரு மணிக்கு எதைப் போட்டாலும் ஆடுவார்கள். பத்தே முக்காலுக்குப் போடுங்கள். அப்போது நடுவில் நிற்கும் நாலு பேரைப் பார்க்காதீர்கள், அவர்கள் உங்கள் நண்பர்கள். ஓரத்தில் நிற்பவர்களைப் பாருங்கள். பேச்சு நடுவில் நின்றதா? பார் கவுன்டரில் இருக்கும் பையனின் தலை ஆடுகிறதா? குரல் உள்ளே வரும்போது யாராவது பூத் பக்கம் திரும்புகிறார்களா? பாட்டின் எந்த பாரில் (நாலு தட்டு சேர்ந்தது ஒரு பார்) அது நடந்தது என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று இரவு தொடர்ந்து ஒரே இடத்தில் ஜனம் கவனம் சிதறுகிறதென்றால், அந்த எட்டு பாரை வெட்டி எறியுங்கள். அது நீங்கள் மூன்று நாள் கண்விழித்துச் செய்த சின்த் லைனாகவே இருந்தாலும் சரி. பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

முதல் 32 பாரும் கடைசி 32 பாரும் மற்ற டிஜேக்களுக்கானவை என்பதை மறக்காதீர்கள். கிக், ஹை-ஹேட், கொஞ்சம் தாளம், அவ்வளவு போதும். உள்ளே நுழையவும் வெளியே போகவும் வழி இல்லாத ரீமிக்ஸை எவ்வளவு அழகாக இருந்தாலும் யாரும் போட மாட்டார்கள்.

இப்போது அந்த லேபிள். முதலில் ஒன்று: அனுமதியில்லாமல் செய்ததற்காக வக்கீல் நோட்டீஸ் வராமல் வேலை வந்திருக்கிறது. இது அரிது, ஆனால் புதிதில்லை. 1990-ல் இங்கிலாந்தில் டிஎன்ஏ என்ற பெயரில் இரண்டு பேர், சுசான் வேகா வாத்தியமே இல்லாமல் பாடியிருந்த 'டாம்ஸ் டைனர்' பாட்டுக்கு அடியில் ஒரு டிரம் பீட்டை ஓட்டி, யாரையும் கேட்காமல் வெளியிட்டார்கள். ஏ அண்ட் எம் லேபிள் வழக்குப் போடாமல் அதை வாங்கி முறைப்படி வெளியிட்டது. பிரிட்டிஷ் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. இதைக் கேட்டுவிட்டு அடுத்த பாட்டையும் கேட்காமலே செய்யலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். ஒருவருக்கு அடித்த அதிர்ஷ்டத்தை வழிமுறையாக எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் பூட்லெக், அதாவது அனுமதியில்லாமல் செய்த அந்த ரீமிக்ஸ், இன்னும் எங்காவது கிடந்தால், ஒப்பந்தம் பேசும்போதே அதை எடுத்துவிடுவதாகச் சொல்லுங்கள். அவர்கள் கேட்பதற்கு முன் நீங்கள் சொன்னால் பேச்சு சுமுகமாகப் போகும்.

ஒரே தொகை, உரிமை முழுவதும் லேபிளுக்கு என்பது ரீமிக்ஸ் தொழிலில் வழக்கமான ஏற்பாடுதான். அதைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம். பாட்டு அவர்களுடையது, பாடியவர் வேறு, எழுதியவர் வேறு. வரிகளுக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமையில் ரீமிக்ஸருக்குப் பங்கு கிடைப்பது அபூர்வம். விற்பனையில் சதவீதம் கேட்டுப் பார்க்கலாம். முதல் ஒப்பந்தத்தில் கொடுக்க மாட்டார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதற்காகச் சண்டை போட மாட்டேன். வேறு சில இடங்களில் பிடிவாதமாக நிற்பேன்.

தொகையில் பாதியைக் கையெழுத்தின்போதே வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்று எண் போட்டு எழுதுங்கள். இரண்டு முறை நியாயம், மூன்றாவதிலிருந்து தனிக் கட்டணம். இந்த வரி இல்லாவிட்டால் 'குரலைக் கொஞ்சம் மேலே', 'கிக்கைக் கொஞ்சம் கீழே' என்று மாதக்கணக்கில் இழுப்பார்கள், அதில் ஒவ்வொருவர் கருத்தும் முந்தையவர் கருத்துக்கு நேர் எதிராக இருக்கும். அவர்கள் கடைசியில் வெளியிடாமல் பெட்டியில் வைத்துவிட்டாலும் மீதித் தொகை உங்களுக்கு வர வேண்டும். அது நடக்காது என்று நினைக்காதீர்கள், அடிக்கடி நடக்கிறது. அப்படிக் கிடப்பில் போட்டால், அந்தக் குரலைத் தவிர நீங்களே உருவாக்கிய டிரம், பேஸ்லைன், சின்த் எல்லாவற்றையும் வேறு வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் பெயர் பாட்டின் தலைப்பிலேயே வர வேண்டும். இன்னார் ரீமிக்ஸ் என்று, எல்லா இடத்திலும், எந்தச் சுருக்க வடிவத்திலும். பணத்தைவிட இது முக்கியம். ஏனென்று சொல்கிறேன். கார்னர்ஷாப் குழு ஆஷா போஸ்லேயைப் போற்றி ஒரு பாட்டு எழுதியது, 'பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா'. 1997-ல் வந்தபோது பிரிட்டிஷ் பட்டியலில் 60-வது இடத்தோடு நின்றுபோனது. ஃபேட்பாய் ஸ்லிம் என்ற பெயரில் இயங்கும் நார்மன் குக் வேகத்தைக் கூட்டி, சுருதியை ஏற்றிச் செய்த ரீமிக்ஸ் 1998 பிப்ரவரியில் முதலிடம் பிடித்தது. பாட்டு அவர்களுடையதுதான், ஆனால் அந்த ஃபேட்பாய் ஸ்லிம் என்ற பெயருக்கு அது என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். ரீமிக்ஸ் தருகிற பெரிய வருமானம் ரீமிக்ஸிலிருந்து வருவதில்லை. அந்தப் பெயரைப் பார்த்துக் கூப்பிடுகிறவர்களிடமிருந்து, அதாவது பூத்திலிருந்து வருகிறது. சிடி விற்ற தொண்ணூறுகளில் பெரிய லேபிள்கள் ரீமிக்ஸுக்குத் தாராளமாகக் கொடுத்தார்கள். அந்தக் காலம் போய்விட்டது. வீட்டில் உட்கார்ந்து ரீமிக்ஸ் மட்டும் செய்து சாப்பிடலாம் என்ற உங்கள் கணக்கு எனக்கு இடிப்பது இங்கேதான். கிளப்பை விட்டால் நீங்கள் விளம்பரத்தை வைத்துக்கொண்டு கடையை மூடுகிறீர்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு பத்தியை மட்டும் மூன்று தடவை படியுங்கள். 'இந்த ஒலிப்பதிவில் நான் சேர்த்தது எல்லாம் என் சொந்தப் படைப்பு, வேறு யாராவது உரிமை கோரினால் அந்த இழப்பை நானே ஏற்பேன்' என்கிற மாதிரி ஒரு வாசகம் நிச்சயம் இருக்கும். உங்கள் பூட்லெக்கில் ஏதாவது பழைய ரெக்கார்டிலிருந்து உருவிய டிரம் லூப் இருந்தால், அது இந்த முறையான பதிப்பில் இருக்கவே கூடாது. நீங்களே அடித்து எழுப்புங்கள். சாம்பிள் பேக்கிலிருந்து (ஆயத்த ஒலித் துண்டுகளின் தொகுப்பு) எடுத்திருந்தால் அதன் உரிமம் வணிக வெளியீட்டுக்கு அனுமதிக்கிறதா என்று பார்த்து, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஒரு வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை; இசை ஒப்பந்தம் பார்த்துப் பழகியவராக இருக்கட்டும்.

ஸ்டெம் வந்ததும் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பூட்லெக்கில் மென்பொருள் வைத்துக் குரலைப் பிரித்தெடுத்திருப்பீர்கள். பின்னால் கொஞ்சம் பித்தளை வாத்தியம் ஒட்டிக்கொண்டு, ஹை-ஹேட் கரகரவென்று தேய்ந்து வந்திருக்கும். அந்த அழுக்கே ஒரு சுவையாகி, ஜனம் அதற்குத்தான் ஆடியிருக்கும். சுத்தமான குரலை அதே பீட்டின் மேல் வைத்தால் துவைத்துக் காயப்போட்டது மாதிரி இருக்கும். அதனால் பழையதை நகலெடுக்க முயலாதீர்கள். முதலில் ஒவ்வொரு ஸ்டெம்மையும் தனியாக, முழுதாகக் கேளுங்கள். பின்னணிக் குரலில் யாரோ மூச்சு இழுப்பது, பேஸ் வாசித்தவர் தவறி விட்ட ஒரு ஸ்வரம், பாட்டு முடிந்த பிறகு மைக் அருகே கேட்கும் சிரிப்பு: ஸ்டீரியோ மிக்ஸில் புதைந்து கிடந்தவை அங்கே தனியாக நிற்கும். உங்கள் புது ரீமிக்ஸ் அங்கிருந்து பிறக்கட்டும். பழைய சோல் பாட்டு என்றால் டிரம்மர் கையால் வாசித்தது, வேகம் ஏறி இறங்கும். குரலைப் பீட்டோடு ஒட்டவைக்கும்போது வரிக்கு வரி இழுத்து நிறுத்துங்கள், ஒவ்வோர் எழுத்தையும் கட்டத்தில் அடைத்தால் பாடியவரின் உயிர் போய்விடும். மூலம் 104 பிபிஎம் (நிமிடத்துக்கு 104 தட்டு), நீங்கள் 122-ல் செய்கிறீர்கள் என்றால் 17 சதவீதத்துக்கு மேல் இழுக்கிறீர்கள். குரல் நடுங்குவது கேட்கும். அந்தக் குரலுக்கு 116 போதும் என்று தோன்றினால் 116-லேயே செய்யுங்கள். பத்தரை மணிக்கு அதைப் போட ஓர் ஆள் இருக்கிறார், நீங்கள்தான்.

கொடுக்கும்போது 24 பிட் வேவ் கோப்பாக, மாஸ்டரில் சத்தத்தின் உச்சத்தை அமுக்கும் லிமிட்டர் போடாமல், மேலே சில டெசிபல் இடம் விட்டுக் கொடுங்கள். நீண்ட பதிப்பு, ரேடியோ பதிப்பு, குரலில்லாத பதிப்பு எல்லாம் கேட்பார்கள். எது எது தொகைக்குள் அடங்கும் என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

சிங்க் பட்டன்: அழுத்துங்கள். இரண்டு பாட்டின் வேகத்தைச் சேர்ப்பது கைவேலை, எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதுதான் டிஜேயின் வேலை. ஆனால் அது இல்லாமலும் மிக்ஸ் செய்யத் தெரிந்துகொள்ளுங்கள். கையால் டிரம் வாசித்த பழைய பாட்டை மென்பொருள் தப்பாக அளக்கும்போது சீனியர்கள் எல்லாரும் பூத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கிளப்பில் என்ன கேட்பது என்று சொல்லி முடிக்கிறேன். மூன்று இரவு ஓபனிங், அதோடு ரீமிக்ஸ், அதோடு அந்தக் காது: இது தாங்காது. ஓர் இரவை விட்டுக்கொடுங்கள். எதை விடுவது என்பதில் கவனம் வேண்டும். பெரிய பெயர்கள் வருகிற, ஜனம் பதினொன்றரைக்கு மேல்தான் உள்ளே நுழைகிற சனிக்கிழமையை விடலாம். வழக்கமான முகங்கள் வரும் வாரநாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக மேனேஜரிடம் மாதம் ஒரு இரவு, திறப்பதிலிருந்து மூடும்வரை, ஹெட்லைனரே இல்லாமல் முழுக்க உங்களுக்கே கேளுங்கள். அவருக்கு ஒரு ஹெட்லைனர் கட்டணம் மிச்சம், அதனால் காது கொடுத்துக் கேட்பார். முதல் மாதம் கூட்டம் குறைவாக இருக்கும், மூன்று மாதமாவது பார்க்கலாம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அந்த இரவுக்கு பூத் மானிட்டரைக் காது உயரத்துக்கு, இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வைத்துத் தரச் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்தால் குறைந்த சத்தமே போதும். ரீமிக்ஸ் வெளிவரும் தேதியை லேபிள் சொன்னதும் அந்த மாதத்து முழு இரவை அதற்கு அடுத்த வாரத்தில் வைக்கச் சொல்லுங்கள், போஸ்டரில் போட கிளப்புக்கும் ஒரு விஷயம் கிடைக்கும்.